படாத இடத்தில் பதியும் தடம்

“மாடு முட்டிடுச்சுங்க சார்.”

முதுகைத் திருப்பிக் காட்டியபடி அந்தப் பெண் சொன்னார். இருபத்தைந்து வயது இருக்கும். கூட வந்த மாமியார் அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்: “தண்ணி காட்டப் போனா சார், கொம்பால ஒரே தள்ளு.” இரவு ஒன்பதே முக்கால். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரி, எது என்று சொல்லப்போவதில்லை. சிஸ்டர் ஏ.ஆர். புத்தகத்தை என் முன்னால் விரித்துக் கார்பன் தாளைச் சொருகினார்.

ஏ.ஆர். என்றால் விபத்துப் பதிவேடு. அடிதடியோ, பைக்கில் விழுந்ததோ, விஷம் குடித்ததோ, அரசு மருத்துவமனையில் முதல் எழுத்து விழுவது அதில்தான். பெயர், வயது, அழைத்து வந்தவர், இரண்டு அங்க அடையாளம், என்ன நடந்தது என்று வந்தவர் சொல்வது, அதன் பிறகு காயங்கள். அடிதடிக்கென்று எங்களிடம் ஒரு வாய்பாடே உண்டு. ‘இன்று மாலை சுமார் 7 மணிக்கு, தெரிந்த நபர்கள் 2 பேர் கையாலும் கட்டையாலும் தாக்கியதாக...’ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

டார்ச்சை முதுகுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சத்தை நேராகப் பாய்ச்சினால் நம்மூர்க் கறுத்த தோலில் கன்றல் கண்ணுக்குத் தப்பிவிடும். சாய்த்துப் பிடித்தால் வீக்கத்தின் மேடு நிழல் காட்டும். இடது தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி முதுகெலும்பைத் தாண்டிச் சாய்வாக இறங்கும் இரண்டு கோடுகள். தண்டவாளம் மாதிரி, ஒன்றுக்கொன்று இணையாக. நடுவே இருந்த தோல் வெளிறி, சும்மா கிடந்தது. நாலு விரற்கடை தள்ளி இன்னொரு ஜோடி. இடுப்புக்கு மேலே மூன்றாவது, பாதி மட்டும்.

மாட்டுக் கொம்புக்கு இப்படிக் கோடு போடத் தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை பார்த்த இரண்டு வருடமும் தை பிறந்ததும் எருது விடும் விழாக் காயங்கள் வரிசையாக வரும். கொம்புக் காயம் பெரும்பாலும் தொடை இடுக்கிலும் அடிவயிற்றிலும் இருக்கும். வாய் சின்னது, உள்ளே ஆழம், போகிற போக்கு கீழிருந்து மேலே. ஓரம் நசுங்கிக் கன்றியிருக்கும். மாடு மிதித்திருந்தால் பிளந்த குளம்பு சில சமயம் அப்படியே தோலில் அச்சாகியிருக்கும். முதுகில் மூன்று ஜோடித் தண்டவாளம் போடுகிற மாட்டை நான் பார்த்ததில்லை.

இந்த இரட்டைக் கோட்டைப் புரிந்துகொள்ளக் களி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். குழம்பு ஊற்றக் கட்டைவிரலால் நடுவில் அமுக்குவோமே, விரல் பட்ட இடம் குழியும், ஓரம் மேடு தட்டும். தடி தோலில் விழுகிற நொடியிலும் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. தடிக்கு நேர் கீழே இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அமுங்குகின்றன, ரத்தம் இரண்டு பக்கமும் பிதுங்கி ஓடுகிறது. அமுங்கிய தோலும் அமுங்காத தோலும் சேரும் விளிம்பில் இழுவிசை அதிகம், அங்கேதான் குழாய்கள் அறுபடுகின்றன. தடி எழும்பியதும் நடுப்பகுதி பழையபடி வந்துவிடும். கசிந்த ரத்தம் இரண்டு விளிம்பிலும் தங்கிவிடும். இரண்டு கோட்டுக்கும் நடுவிலுள்ள வெள்ளைதான் தடி இருந்த இடம்.

எனக்கு இது புரிந்த அன்று கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. அடித்த பொருளின் அச்சு அது படாத இடத்தில் பதிகிறது. டயர் தடமும் இதே கணக்குதான். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. சக்கரம் ஏறிய உடலில் தெரியும் சிவந்த கோடுகள் பல நேரம் டயரின் மேட்டுப் பட்டைகள் அல்ல. இரண்டு பட்டைக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தோல் பிதுங்கி ஏறி, அங்கே ரத்தம் கசிந்த கோடுகள். இது தெரியாமல் தடத்தை டயரோடு ஒப்பிடுகிறவர் மேட்டைப் பள்ளமென்றும் பள்ளத்தை மேடென்றும் எடுத்துக்கொண்டு ‘இந்த வண்டி இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும்.

தடிக்குத் தடி பேச்சு மாறும். புளிய விளார், வயர், பெல்ட் மாதிரி வளைகிற பொருள் உடம்பின் வளைவோடு சுற்றிக்கொண்டு விலா வரை போகும். வீச்சில் நுனிக்குத்தான் வேகம் அதிகம் என்பதால், சுற்றி முடிகிற இடத்தில் காயம் ஆழமாக இருக்கும். அடித்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அதை வைத்து ஓரளவு யோசிக்கலாம். வயரை மடித்துப் பிடித்து அடித்தால் லாடம் போல ஒரு வளைவு விழும். ரீப்பர் கட்டை, லத்தி மாதிரி விறைப்பான பொருள் வளையாது. மேடான இடத்தில் மட்டும் கோடு போட்டுவிட்டு, முதுகின் நடுப்பள்ளத்தைத் தொடாமல் தாண்டிவிடும். இந்தப் பெண்ணின் முதுகில் கோடுகள் தண்டுவடப் பள்ளத்தில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடங்கின.

பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்தேன். உள்விளிம்புக்கு உள்விளிம்பு 2.5 செ.மீ. தடியின் அகலத்தை இது தோராயமாகச் சொல்லும், அவ்வளவுதான். தோல் நீளும், வீங்கும். குனிந்தபோது விழுந்த அடி நிமிர்ந்து நிற்கையில் அளவு மாறும்.

“மாடுதானாம்மா?” என்றேன்.

“ஆமாங்க சார்.” மாமியார் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

மாமியாரை ஓ.பி. சீட்டு வாங்க அனுப்பிவிட்டுச் சிஸ்டர் தனியாகக் கேட்டுப் பார்த்தார். பெண்களுக்கான உதவி எண் 181-க்குப் போன் செய்யலாம், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். பதில் அதேதான், மாடு. நான் எழுதினேன். நடந்தது என்ன என்ற பத்தியில்: ‘மாடு முட்டியதாகச் சொல்கிறார்.’ அதற்குக் கீழே காயங்கள்: ‘முதுகில் மூன்று இரட்டைக்கோட்டுக் கன்றல்கள், இடையில் 2.5 செ.மீ. அகலத்துக்கு வெளிறிய தோல்’, ஒவ்வொன்றின் நீளம், சாய்வு, முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தூரம், தோள்பட்டை எலும்பின் கீழ் முனையிலிருந்து எவ்வளவு தூரம். மேல்பத்தி அவருடையது. அதை நான் திருத்த முடியாது. கீழ்ப்பத்தி என்னுடையது, அதை அவரோ மாமியாரோ திருத்த முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் எழுத எனக்கு ஐந்தாறு வருடமும் ஒரு வழக்கும் தேவைப்பட்டது.

அந்த வழக்கைச் சொல்லிவிடுகிறேன். சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வரப்புத் தகராறு, தலையில் காயம், சட்டை முழுக்க ரத்தம். ஐம்பது வயதுக்காரர், மாங்காய்த் தோப்புக் காவல் வேலை. உச்சந்தலைக்கு இடப்பக்கம் 6 செ.மீ. நீளத்தில் நேர்கோடாக ஒரு பிளவு. அரிவாள் வெட்டு மாதிரியே இருந்தது. வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ‘வெட்டுக்காயம் 6 x 1 செ.மீ., எலும்பு ஆழம்’ என்று எழுதினேன், முடியை மழித்தேன், கழுவினேன், தைத்தேன். எல்லாம் பதினைந்து நிமிடம்.

ஐந்து வருடம் கழித்துச் சம்மன். கூண்டில் ஏறினேன், அ.சா.9, அதாவது அரசுத் தரப்பின் ஒன்பதாவது சாட்சி. பி.பி., அரசு வக்கீல், சான்றுப் பொருளைக் காட்டினார். ரீப்பர் கட்டை, ஒரு முனையில் ஆணி அடித்த ஓட்டை. “சா.பொ.1 போன்ற ஆயுதத்தால் இக்காயம் ஏற்பட வாய்ப்புள்ளதா?” ஆயுதம் கிடைத்திருந்தால் அதை மருத்துவருக்குக் காட்டிக் கருத்துக் கேட்பது அரசுத் தரப்பின் கடமை, நீதிமன்றத்தின் கடமையும்கூட என்று உச்சநீதிமன்றம் 1976-லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே இது சம்பிரதாயக் கேள்வி. “வாய்ப்புள்ளது” என்பது சம்பிரதாயப் பதில். சொல்லிவிட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார்.

“டாக்டர், வெட்டுக்காயம் என்பது கூர்மையான ஆயுதத்தால் ஏற்படுவது. சரிதானே?”

“சரி.”

“இந்தக் கட்டையில் கூர்மையான பகுதி எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.”

கட்டையை வாங்கிப் புரட்டினேன். நேரம் வாங்கத்தான் புரட்டினேன் என்று அவருக்கும் தெரியும்.

அது கிழிகாயம். இரண்டாம் ஆண்டு மாணவனுக்கே தெரிந்திருக்க வேண்டியது. தலை, புருவம், கன்ன எலும்பு, முழங்காலுக்குக் கீழ் முன்னெலும்பு ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் மெத்தை கிடையாது, உடனே எலும்பு. அம்மிக்கும் குழவிக்கும் நடுவே மாட்டியது போல, கட்டைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே நசுங்கிய தோல் நேர்கோட்டில் பிளந்துகொள்ளும். எட்ட நின்று பார்த்தால் வெட்டு. கிட்டப் போய் லென்ஸில் பார்த்தால் வேறு கதை. ஓரம் சிராய்த்துக் கன்றியிருக்கும். பிளவை விரித்தால் உள்ளே மெல்லிய இழைகள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாலம் போட்டிருக்கும். நரம்பும் நுண்குழாயும் இணைப்புத்திசுவும்தான் அவை. தோல் கிழிந்தாலும் அவை இழுவை தாங்கி நிற்கும். அரிவாள் அவற்றையும் சேர்த்து அறுத்துவிடும். முடியும் அப்படித்தான். அரிவாள் பட்டால் சீராகத் துண்டாகும். கட்டை பட்டால் வேர் நசுங்கும், சில முடி காயத்துக்குள்ளேயே திணிந்திருக்கும். நான் மழித்துக் கழுவித் தைத்தபோது இத்தனை சாட்சியையும் சிங்க்கில் ஊற்றியிருந்தேன். மிச்சம் இருந்தது என் கையெழுத்தில் ஒரு தப்பான சொல்.

குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கு விடுதலை. ‘மருத்துவச் சான்று நேரடிச் சாட்சியத்துக்கு முரணாக உள்ளது.’ வேறு ஓட்டைகளும் அந்த வழக்கில் இருந்தன. என்றாலும் இந்த வரியை எழுத வைத்தது நான்.

நீதிமன்றப் புளியமரத்தடியில் அந்தக் காவல்காரர் என்னைப் பிடித்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தலையைக் குனிந்து, முடியை விலக்கிக் காட்டினார். “அன்னிக்கு ராத்திரி நீங்கதான தையல் போட்டீங்க. பாருங்க, தழும்பே தெரியல. நல்ல கைங்க சார் உங்களுக்கு.” டீ வாங்கிக் கொடுக்கப் பார்த்தார். நான்தான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் பழைய நோட்டுகளைத் தூசி தட்டினேன். சேலத்தில் படித்தபோது எங்கள் தடயவியல் பேராசிரியர் கரும்பலகையில் ஏரியை வரைவார். வறண்ட ஏரியின் வண்டல் வெடித்திருக்குமே, அதைப் பாருங்கள் என்பார். முதலில் ஓடிய வெடிப்பு நீளமாக, தடையில்லாமல் ஓடும். பின்னால் வரும் வெடிப்பு அதை வந்து முட்டி அங்கேயே நின்றுவிடும், தாண்டாது. மண்டையோட்டில் இரண்டு அடி விழுந்திருந்தால் எது முந்தி என்று கண்டுபிடிப்பதும் இப்படித்தான். இரண்டாவது எலும்புமுறிவின் கோடு முதலாவதில் வந்து நிற்கும். ஜெர்மானிய மருத்துவர் பூப்பே பெயரில் இது பூப்பே விதி. யார் முதலில் அடித்தார், விழுந்த பிறகும் அடித்தாரா என்ற கேள்விகளில் இதற்கு விலை அதிகம். எங்கள் பக்கத்தில் பாதி வருடம் ஏரிகள் வறண்டு கிடப்பதால் இந்தப் பாடம் மட்டும் யாருக்கும் மறக்காது.

சுத்தியல் அடியைக் ‘கையெழுத்து முறிவு’ என்பார்கள். சின்னப் பரப்பில் பலமான அடி விழுந்தால் மண்டையோடு அதே வடிவத்தில், கிட்டத்தட்ட அதே அளவில் உள்ளே அமுங்கும். சுத்தியல் சாய்ந்து விழுந்தால் ஒரு ஓரம் ஆழமாகவும் மறு ஓரம் படிப்படியாகவும் இறங்கும். அந்தப் படிகளைப் பார்த்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்லலாம். அகலமான கல்லைப் போட்டிருந்தால் இந்தக் கையெழுத்து கிடைக்காது, சிலந்தி வலை போல விரிசல் ஓடும். கிரானைட் குவாரிகள் இருக்கும் ஊர்களில் பிணவறையில் நிற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

விழுந்ததா, அடித்ததா என்பது தலைக்காய வழக்கு ஒவ்வொன்றிலும் கேட்கப்படும். நிற்கிற தலையில் கட்டை இறங்கினால் மூளையில் கன்றல் பெரும்பாலும் அடிபட்ட பக்கத்திலேயே இருக்கும். மல்லாக்க விழுந்து பின்மண்டை தரையில் மோதினால், ஓடிவந்த தலை திடீரென்று நிற்பதால், எதிர்ப்பக்கம், அதாவது நெற்றிப்பக்க மூளை கன்றும். தொப்பி விளிம்புக்கு மேலே இருக்கும் காயம் அடி, கீழே இருப்பது விழுந்தது என்று ஒரு விதியும் சொல்வார்கள். சமதரையில் விழுந்தவருக்கு அது ஏதோ பொருந்தும். மாடிப்படியில் உருண்டவருக்குப் பொருந்தாது. நான் அதைக் கூண்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

வடிவத்தைப் பார்த்ததும் மனசு தாவிவிடும். எனக்கு இதில் பயம் அதிகம். அமெரிக்காவின் அரிசோனாவில் ரே குரோன் என்றொருவர். கொலையான பெண்ணின் உடலில் இருந்த கடித்தடம் அவருடைய கோணல் பல்லோடு பொருந்துகிறது என்று நிபுணர் சொன்னார். 1992-இல் மரண தண்டனை. மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு. 2002-இல் டி.என்.ஏ. வேறொருவனைக் காட்டியது. பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். தோல் மெழுகு இல்லை. இழுபடும், சுருங்கும், வீங்கும். அச்சு வாங்கிய பிறகும் அசைந்துகொண்டே இருக்கும். ‘இந்தத் தடிதான்’ என்று சொல்ல எனக்கு எந்தக் காயமும் தைரியம் தந்ததில்லை. ‘இது போன்ற அகலமுள்ள, உருண்ட, விறைப்பான பொருள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வக்கீல்களுக்கு அது பிடிக்காது, இரு தரப்புக்கும்.

கன்றலின் நிறத்தை வைத்து நாள் கணக்குச் சொல்வதும் அப்படித்தான். சிவப்பு, நீலம், கறுநீலம், பச்சை, மஞ்சள் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரிசை இருக்கும், பக்கத்தில் நாட்கள் அச்சிட்டிருக்கும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். 1991-இல் வந்த ஆய்வொன்றின்படி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மஞ்சள் தெரிந்தால் அடி விழுந்து குறைந்தது 18 மணி நேரம் ஆகியிருக்கும். போதாக்குறைக்கு ஆழமான கன்றல் ஓரிரண்டு நாள் கழித்துத்தான் மேலே வரும். வந்தாலும் அடி விழுந்த இடத்திலேயே வருமென்று சொல்ல முடியாது. நெற்றியில் அடி விழும், மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுக்கும். அதனால்தான் அடிபட்டு வந்தவரை நாளை மறுநாள் ஒருமுறை வந்து காட்டச் சொல்வேன். வருபவர்கள் குறைவு. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் யார் தருவார்?

பொய்க் கன்றலும் உண்டு. சேராங்கொட்டைப் பாலைத் தோலில் தேய்த்துக்கொண்டு “அடிச்சுட்டாங்க சார்” என்று வருபவர்கள் அரூர்ப் பக்கத்து நாட்டு வைத்தியம் தெரிந்த கிராமங்களிலிருந்து எனக்கு இரண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் வண்ணார் துணியில் குறி போட்ட அதே கொட்டைதான். அடர்கறுப்பாகக் கன்றல் போலவே இருக்கும். ஆனால் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம். தன் கை எட்டுகிற இடத்தில் மட்டும் இருக்கும். அரிக்கும், சொறிவார், சொறிந்த விரல்நுனியிலும் அதே கறை. ஒருவரிடம் “கையைக் காட்டுங்கண்ணா” என்றேன். கையை லுங்கிக்குள் விட்டுக்கொண்டார். சிஸ்டர் சிரித்துவிட்டார், எனக்கும் அடக்க முடியவில்லை.

தர்மபுரி அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த வீரர்கள் உடம்பில் தைத்த அம்போடு நிற்கிற கற்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது என் கண் போனது அம்பு எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறது என்பதில்தான். மனைவி திட்டினாள். ஆனால் சிற்பி அதைக் கவனித்துத்தான் செதுக்கியிருக்கிறான். மாரில் வாங்கியதா முதுகில் வாங்கியதா என்பது அவனுக்கும் அந்த ஊருக்கும் பெரிய கேள்வி.

அந்தக் காவல்காரர் வழக்குக்குப் பிறகு என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு 15 செ.மீ. ஸ்கேல் இருக்கும். பையனின் காம்பஸ் பாக்ஸிலிருந்து சுட்டது. தைப்பதற்கு முன்னால் லென்ஸ் பிடிப்பேன். உயிர் போகிற அவசரமில்லையென்றால், காயத்துக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, கேமராவை நேர் எதிரே பிடித்து ஒரு படம். சாய்த்து எடுத்தால் வட்டம் முட்டையாகிவிடும். ஸ்கேல் இல்லாமல் இன்னொரு படம், ஸ்கேல் எதையாவது மறைத்தது என்று பின்னால் யாரும் சொல்லாமலிருக்க. 2024 ஜூலை 1-இலிருந்து பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம். எத்தனை நாள் கடும் வேதனை இருந்தால் அது கொடுங்காயம் என்ற கணக்கு இருபதிலிருந்து பதினைந்தாகிவிட்டது. படிவங்களும் பிரிவு எண்களும் மாறின. ஏ.ஆர். புத்தகமும் கார்பன் தாளும் அப்படியே இருக்கின்றன.

எட்டு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தார். இந்த முறை கூட வந்தது அவருடைய அண்ணன். கையில் ஏ.ஆர். நகல் கேட்டு மனு. அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம், வழக்குப் போட்டிருக்கிறாராம். பதிவேட்டை எடுத்து வைத்தேன். அண்ணன் விரலால் வரி பிடித்துப் படித்தார். ‘மாடு முட்டியதாகச் சொல்கிறார்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“இத மட்டும் அழிச்சுத் தர முடியுங்களா சார்?”

“முடியாதுங்க. அன்னிக்கு அவங்க சொன்னது அது.”

“அப்ப கேஸு?”

பதிவேட்டைத் திருப்பி அடுத்த வரியிலிருந்து மெதுவாகப் படித்துக் காட்டினேன். மூன்று ஜோடி, 2.5 செ.மீ., முதுகெலும்பிலிருந்து எவ்வளவு. படத்தையும் காட்டினேன். தன் முதுகை அந்தப் பெண் அதுவரை பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

“எங்க வூட்ல மாடே கெடையாதுங்க சார்.”